விக்டோரியா மலைக்காட்டில் கடமான்: குறி வைப்பதிலிருந்து குழம்பு வரை

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னுக்குக் கிழக்கே தொடங்கும் மலைத்தொடர் முழுக்க இன்று கடமான் நிறைந்திருக்கிறது. ஈழத்தவர் மரை என்று சொல்லும் அதே விலங்குதான். 1860களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் கொண்டுவந்து விடப்பட்டவற்றின் வழிவந்தவை இவை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தொடவிடாது; இலங்கையிலும் தடைதான். இங்கே நிலைமை வேறு. அயல்நாட்டிலிருந்து வந்த இனம் என்பதால் இளமரங்களின் பட்டையை உரித்தும், மலைச் சதுப்புகளை மிதித்துச் சேறாக்கியும் காட்டைக் கெடுக்கிறது. உரிமம் உள்ளவர் பகல் நேரத்தில் தடம் பார்த்து நடந்து ஆண்டு முழுவதும், எண்ணிக்கை வரம்பு இல்லாமல் வேட்டையாடலாம்.

இது கறிக்காகப் போகிறவர்களுக்கான வழிகாட்டி. கறிக்காகப் போகிறவர் விசையில் விரல் வைக்கும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வைத்திருக்க வேண்டும். இந்தக் குண்டு இரண்டு நுரையீரலையும் துளைத்துப் போகுமா? மான் விழும் இடத்திலிருந்து கறி முழுவதையும் கெடாமல் வண்டிக்குக் கொண்டுசேர்க்க முடியுமா? இரண்டில் ஒன்றுக்கு விடை இல்லை என்றாலும் சுடக்கூடாது. 150 மீட்டர் ஆழமுள்ள பள்ளத்தாக்கின் அடியில், மாலை ஐந்து மணிக்கு, தனியாக ஒரு பெரிய ஆண் கடமானை வீழ்த்துவது பாதிக் கறியை நரிக்கும் காட்டுநாய்க்கும் விட்டுவருவதற்குச் சமம்.

உரிமமும் சட்டமும்

விக்டோரியா காவல்துறை தரும் துப்பாக்கி உரிமம், கேம் மேனேஜ்மென்ட் அதாரிட்டி (மாநில வேட்டை ஒழுங்குமுறை அமைப்பு) தரும் மான் வேட்டை உரிமம் இரண்டும் வேண்டும். சென்டர்ஃபயர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்கு (தோட்டாவின் அடிப்பாகத்தின் நடுவில் பற்றவைக்கும், ஒவ்வொரு முறையும் கையால் தாழை இழுத்து ஏற்றும் வகை) ‘பி’ வகை உரிமம். 1996இல் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் நடந்த துப்பாக்கிச்சூட்டுப் படுகொலைக்குப் பின் வந்த தேசிய ஒப்பந்தத்தால், ஒவ்வொரு முறையும் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்கள் சாதாரண வேட்டைக்காரருக்குக் கிடையாது. வாங்கும் ஒவ்வொரு ரைஃபிளுக்கும் தனி அனுமதி எடுக்க வேண்டும். முதல் ரைஃபிளுக்கு 28 நாள் காத்திருப்பு உண்டு. வீட்டில் ரைஃபிள் இரும்புப் பெட்டியில், தோட்டா வேறொரு பூட்டிய பெட்டியில்.

சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகு, மறுநாள் உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பு வரை பொதுக் காட்டில் மானைச் சுடக்கூடாது. மாநிலக் காடுகள் பெரும்பாலானவற்றில் வேட்டைக்கு இடமுண்டு. தேசியப் பூங்காக்களில் சிலவற்றில் மட்டும், அதுவும் குறிப்பிட்ட மாதங்களில் மட்டும்தான். எல்லை ஒரு ஓடையின் இந்தக் கரையில் ஒரு மாதிரி, அந்தக் கரையில் வேறு மாதிரி இருக்கும் என்பதால், கிளம்பும் முன் அதாரிட்டியின் வரைபடத்தைக் கைபேசியில் இறக்கிக்கொள்ளுங்கள்; மலையில் சிக்னல் இருக்காது. சுட்ட கறி சொந்த உபயோகத்துக்கு மட்டும். விற்கக்கூடாது.

ரைஃபிளும் தோட்டாவும்

கடமானுக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச அளவு .270 காலிபர் (குழலின் உள்விட்டம், அங்குலத்தில்), 130 கிரெயின் (குண்டின் எடை அலகு) குண்டு. ஃபேலோ மானுக்கும் புள்ளிமானுக்கும் அனுமதிக்கப்படும் .243 இதற்குச் செல்லாது. காரணம் உடம்பில் இருக்கிறது. வளர்ந்த ஆண் 200 கிலோவைத் தாண்டும், பெண்ணே 150 கிலோ வரை வரும். தோல் தடிமன். சேற்றில் புரண்டு வந்திருந்தால் அதன் மேல் காய்ந்த மண் ஓடு வேறு. அதற்கடியில் சப்பைத் தசை, அதாவது முன்னங்காலின் தோள்பகுதித் தசை.

முதல் ரைஃபிள் வாங்குபவருக்கு .308 வின்செஸ்டர் போதும். தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்கும், பின்னுதைப்பு தாங்கக்கூடியது, அதனால் பயிற்சியில் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் வராது. .30-06, 7 மி.மீ.-08 போன்றவையும் நல்லவை. மேக்னம் வகைகள் (அதிக வெடிமருந்துள்ள வலுவான தோட்டாக்கள்) இந்த அடர்காட்டில் அவசியமில்லை: பெரும்பாலான வாய்ப்பு 100 மீட்டருக்குள்தான் வரும்.

.308இல் 150 முதல் 180 கிரெயின் வரை எடுங்கள். குண்டின் கட்டமைப்பு எடையைவிட முக்கியம். நரி, முயலுக்கென்று செய்யப்பட்ட மெல்லிய உறைக் குண்டு தோளில் பட்டதும் சிதறி, மேலே ஒரு பெரிய புண்ணை உண்டாக்கி நின்றுவிடும். மான் பல மணி நேரம் துடிக்கும். ஈயமும் செம்பு உறையும் பிரியாதபடி பிணைத்த குண்டோ, முழுச் செம்புக் குண்டோ வேண்டும்.

சமைத்துச் சாப்பிடுகிற குடும்பத்துக்கு முழுச் செம்பைத்தான் பரிந்துரைக்கிறோம். ஈயக் குண்டு உள்ளே போகும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உதிர்ந்து, துளையிலிருந்து பல சென்டிமீட்டர் தள்ளிக்கூடக் கறியில் பரவுகிறது. எக்ஸ்ரே எடுத்தால் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். குழந்தைகளும் கருவுற்றவர்களும் சாப்பிடும் கறியில் அது இருக்கக்கூடாது. செம்புக்கு ஒரு குறை உண்டு. வேகம் குறைந்த நெடுந்தொலைவில் அது சரியாக விரியாது, ஊசி மாதிரி துளைத்துப் போய்விடும். 200 மீட்டருக்குள் சுடுகிறவருக்கு இது பிரச்சினையே இல்லை.

ஸ்கோப் (ரைஃபிளின் மேல் பொருத்தும் குறிநோக்கி) 2-7 அல்லது 3-9 மடங்கு. நடக்கும்போது மிகக் குறைந்த மடங்கிலேயே வைத்திருங்கள். 30 மீட்டரில் புதருக்குள்ளிருந்து எழும் மானை 9 மடங்கில் தேடினால் கண்ணில் படுவது பழுப்பு மயிர் மட்டுமே, எந்தப் பகுதி என்று தெரியாது.

குறியைச் சரிசெய்தல்

முதலில் 25 மீட்டரில் தொடங்குங்கள். ரைஃபிளின் முன்கட்டையை மணல்மூட்டையில் வைத்து மூன்று குண்டு. மூன்றின் நடுப்புள்ளி எங்கே விழுகிறது என்று பார்த்து ஸ்கோப்பைத் திருகுங்கள். ஒற்றைக் குண்டை நம்பித் திருகுவதுதான் பெட்டி பெட்டியாகத் தோட்டா வீணாவதற்குக் காரணம். கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கான கோண அளவு) ஸ்கோப்பில் ஒரு சொடுக்கு 100 மீட்டரில் சுமார் 7 மி.மீ. நகர்த்தும். 25 மீட்டரில் அதில் கால்பங்குதான், 2 மி.மீ.க்கும் குறைவு. அதனால் 25 மீட்டரில் 2 செ.மீ. நகர்த்த 11 சொடுக்கு வேண்டும்.

25இல் நடுவில் விழச் செய்தால், .308 போன்ற தோட்டா 100 மீட்டரில் ஏறக்குறைய 4-5 செ.மீ. மேலே விழும். அங்கே போய் உறுதிசெய்து அப்படியே விட்டுவிடலாம். 200 மீட்டர் வரை மார்பின் நடுவை நேராகக் குறி வைத்தாலும் உயிர்ப்பகுதியைவிட்டு விலகாது. ஒவ்வொரு மூன்று குண்டுக்குப் பின்னும் குழல் ஆறட்டும். சூடான மெல்லிய குழல் குறியை நகர்த்திவிடும். தோட்டாவின் பெயரோ எடையோ மாறினால், கடையில் அதே விலைப் பெட்டி என்றாலும், மறுபடி குறி பார்க்க வேண்டும். ஈயத்திலிருந்து செம்புக்கு மாறும்போது 100 மீட்டரில் ஐந்தாறு சென்டிமீட்டர் தள்ளி விழுவது சாதாரணம்.

மேசையில் சாதித்தது காட்டில் அப்படியே வராது. 20 செ.மீ. காகிதத் தட்டை மரத்தட்டியில் ஒட்டி, முழங்காலிட்டும், உட்கார்ந்தும், மரத்தில் சாய்ந்தும் சுடுங்கள். ஐந்துக்கு ஐந்தும் தட்டில் விழும் தொலைவுதான் உங்கள் எல்லை. அது 70 மீட்டர் என்றால் 70 மீட்டர்தான். கிளையில் சாய்க்கும்போது குழலை நேராகக் கிளையில் வைக்காதீர்கள், குண்டு துள்ளி மேலே போகும். முன்கட்டைக்குக் கீழே தொப்பியோ பையோ இருக்கட்டும்.

காற்று, வெயில், பிளாக்பெர்ரி

கடமானின் மூக்கை ஏமாற்ற வழியே இல்லை. கண்ணையும் காதையும் ஓரளவு சமாளிக்கலாம். விடிகாலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே வடியும். வெயில் பட்டுச் சரிவு சூடானதும், ஒன்பது பத்து மணி வாக்கில், திசை மாறி மேலே ஏறும். மாலையில் மறுபடி இறங்கும். அதனால் காலையில் கீழிருந்து மேலே நடந்து பாருங்கள். காற்று திரும்பிய பிறகு முகட்டிலிருந்து கீழே இறங்குங்கள். மாறுகிற அந்த அரைமணி நேரம் காற்று சுழலும், அப்போது உட்கார்ந்து தேநீர் குடிப்பது மேல். டால்கம் பவுடர் நிரப்பிய சிறு பிதுக்குப்புட்டி ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பிதுக்கு.

தென்கோளம் என்பதால் குளிர்காலத்தில் வெயில் விழுவது வடக்குச் சரிவில். பனி உறைந்த இரவுக்குப் பின் கடமான் அங்கேதான் படுத்து வெயில் காயும், முதுகுக்குப் பின்னால் ஒரு மரமோ பாறையோ வைத்து, கீழ்ச்சரிவைப் பார்த்தபடி. கோடையில் நிழலான தெற்குச் சரிவுக்கும் ஓடைப் பெரணிக்கும் போய்விடும். மேயும் இடம் தெரிய வேண்டுமானால் பிளாக்பெர்ரிப் புதரின் இளந்துளிர் கடிபட்டிருக்கிறதா பாருங்கள். சேற்றுக்குழி, கொம்பு உரசிப் பட்டை உரிந்த மரம், ஆண் பின்னங்காலில் எழுந்து நின்று கொம்பால் அடித்த உயரக் கிளை, இவை ஆண் நடமாட்டத்தின் அடையாளம். புதுச் சேறு இலையில் இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தால் அருகில் இருக்கிறது.

கடமான் சந்தேகப்பட்டால் காட்டையே அதிரவைக்கும்படி ஒரு தடவை உரக்கக் கத்தும், முன்னங்காலால் தரையைத் தட்டும். பலர் அத்துடன் முடிந்தது என்று நகர்ந்துவிடுகிறார்கள். உங்கள் வாடை அதன் மூக்குக்குப் போகவில்லை என்றால் அது ஓடாது. நின்ற இடத்திலேயே நின்று உங்களைத் தேடும். அசையாமல் நின்று, கண்ணால் மட்டும் தேடுங்கள். முழு மானைத் தேடாதீர்கள். நிமிர்ந்த மரங்களுக்கிடையே படுக்கைக்கோடாகத் தெரியும் முதுகு, ஆடும் காது, வெளிறிய தாடை இவற்றில் ஒன்றுதான் முதலில் தெரியும்.

நடக்கும்போது ரைஃபிளின் அறை காலியாக இருக்க வேண்டும். தோட்டாவை அறைக்குள் தள்ளுவது மானைப் பார்த்து, அது மான்தான் என்று உறுதியான பின். நிறத்தையோ சத்தத்தையோ அசைவையோ சுடக்கூடாது. இந்த மலைகளில் நடைப்பயணிகள், மாடு, குதிரை, வேறு வேட்டைக்காரர் எல்லாம் உண்டு. பளீர் ஆரஞ்சு நிறத் தொப்பியும் மேலங்கியும் போடுங்கள். மானின் கண்ணுக்கு அந்த நிறம் மந்தமாகவே தெரியும், மனிதக் கண்ணுக்கு 300 மீட்டரிலும் பளிச்சிடும். முகட்டுக் கோட்டில் வானம் பின்னணியாக நிற்கும் மானைச் சுடாதீர்கள். தவறிய குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும்.

எங்கே சுடுவது

பக்கவாட்டில் நிற்கும் மான்தான் சிறந்த வாய்ப்பு. முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டிக் கண்ணை மேலே கொண்டுபோங்கள். மார்பின் அடிக்கோட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிறுத்துங்கள். அங்கே இதயத்தின் மேல்பகுதி, பெரிய இரத்தக்குழாய்கள், இரண்டு நுரையீரல் எல்லாம் ஒரு தட்டளவு இடத்தில் நெருங்கி நிற்கின்றன. கடமானின் உயிர்ப்பகுதி நினைப்பதைவிட முன்னால் இருக்கிறது. நம்மூர் ஆட்டை அறுத்துப் பழகியவருக்கு இது புரியும்: நுரையீரலின் பாதி, சப்பைக்குள்தான். உடம்பின் நடுவைக் குறி வைப்பவரின் குண்டு ஈரலிலோ இரைப்பையிலோ விழுகிறது. அது கறிக்கும் கேடு, விலங்குக்கும் கொடுமை. வளர்ந்த ஆணின் கழுத்திலும் நெஞ்சிலும் மயிர் தொங்குவதால் அடிக்கோடு இன்னும் கீழே இருப்பதுபோல் தோன்றும். மயிரைக் கழித்துக் கணக்கிடுங்கள்.

சப்பைக்குப் பின்னால் சுட்டால் கறிச்சேதம் மிகக் குறைவு, சில விலா எலும்புகளோடு போகும். ஆனால் இரண்டு நுரையீரலும் போன கடமான்கூட 50, 100 மீட்டர் ஓடிவிட்டுத்தான் விழும். ஓடுகிற 100 மீட்டரும் செங்குத்துச் சரிவில் பிளாக்பெர்ரிப் புதருக்குள் என்றால்? அங்கே குறியைச் சற்று முன்னால் தள்ளி, சப்பை மூட்டின் வழியாகவே விடுங்கள். நின்ற இடத்தில் விழும். இரண்டு சப்பையிலும் சில கிலோ கறி இரத்தம் கட்டி வீணாகும்; மானையே தொலைப்பதைவிட அது நல்லது. குண்டு செல்லும் வழியை நிலத்தைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

சாய்வாக நின்று, முகம் அப்பால் திரும்பியிருந்தால் அருகிலிருக்கும் முன்னங்காலை மறந்துவிடுங்கள். அப்புறத்து முன்னங்கால் குண்டு வெளியேற வேண்டிய இடம். அங்கிருந்து பின்னோக்கிக் கோடு இழுத்தால் குண்டு நுழைய வேண்டிய இடம் கிடைக்கும். அது பெரும்பாலும் கடைசி விலாக்களின் மேல் வரும். சாய்வு மிக அதிகமாகி, அந்தக் கோடு இரைப்பை வழியாகப் போகுமானால் காத்திருங்கள். முகம் நம் பக்கம் சாய்ந்திருந்தால் சப்பைக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவே. நேர் எதிரே நிற்கும்போது நெஞ்சுக்குழி மட்டும், 50 மீட்டருக்குள், ஊன்றிச் சுட முடிந்தால் மட்டும். பின்பக்கம் காட்டி ஓடுவதைச் சுடுவதே இல்லை.

தலைக்கும் கழுத்துக்கும் குறி வைப்பது கறி மிச்சம் என்று சிலர் சொல்வார்கள். மூளை ஒரு கைப்பிடி அளவு, தலை ஓயாமல் அசையும், சில சென்டிமீட்டர் தவறினால் தாடை உடைந்து, தின்ன முடியாமல் வாரக்கணக்கில் செத்துப்போகும். வேண்டாம்.

மேலிருந்து கீழே சுடும்போது, 150 மீட்டருக்குள் குண்டின் வீழ்ச்சியைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது உடம்புக்குள் அது போகும் கோணம். செங்குத்தாக மேலிருந்து சுட்டால் நுழைவாய் முதுகுப்பக்கம் உயர வேண்டும்; இல்லையென்றால் ஒரு நுரையீரலைத்தான் தொடும்.

சுட்டதும்

அடுத்த நொடியே போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுங்கள், கண் மானை விட்டு நீங்காமல். நின்றிருந்தால் மறுபடி சுடுங்கள். அப்படியே சுருண்டு விழுந்தாலும் ஒரு நிமிடம் குறியிலேயே இருங்கள். முதுகெலும்பின் மேல் நீட்சியில் குண்டு பட்டால் மான் மின்னல் தாக்கியதுபோல விழும், அரை நிமிடத்தில் எழுந்து ஓடும், அப்புறம் கிடைக்காது.

மார்பில் பட்ட மான் துள்ளி, உடம்பைத் தாழ்த்தி வேகமாக ஓடும். குடலில் பட்டது முதுகை வளைத்து மெதுவாக நடக்கும். மான் கடைசியாகத் தெரிந்த மரத்தை மனதில் குறித்து, மான் நின்ற இடத்தில் ஆரஞ்சு நாடா கட்டிய பின்னரே தேடுங்கள். நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம் நுரையீரல். 15 நிமிடம் பொறுத்துப் பின்தொடரலாம். நுரையில்லாத அடர்சிவப்பு ஈரலாகவோ தசையாகவோ இருக்கும். ஒரு மணி நேரம். பச்சை கலந்து, புளித்த வாடை வந்தால் இரைப்பை. மூன்று நான்கு மணி நேரமாவது விட வேண்டும். உடனே துரத்தினால் படுத்தது எழுந்து கிலோமீட்டர் தாண்டிவிடும். தடிமனான தோலும் மயிரும் இரத்தத்தை உறிஞ்சிக்கொள்வதால், நன்றாகப் பட்ட கடமானே முதல் 20, 30 மீட்டருக்கு ஒரு துளிகூடச் சிந்தாமல் போவதுண்டு. இரத்தம் இல்லை என்பதைத் தவறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குளம்பு புரட்டிய மண்ணையும், முழங்கால் உயரத்தில் இலையின் மேல் தீட்டிய சிவப்பையும் பாருங்கள்.

விழுந்து கிடப்பதை முதுகுப்பக்கமாக அணுகி, நீளக் குச்சியால் கண்ணைத் தொடுங்கள். இமைத்தால் உயிர் இருக்கிறது, இன்னொரு குண்டு. இல்லையென்றால் ரைஃபிளைக் காலி செய்து மரத்தில் சாய்த்துவிட்டுக் கத்தியை எடுக்கலாம்.

காட்டிலேயே அறுப்பது

150 கிலோ விலங்கைச் சரிவில் இழுக்க முடியாது. வயிற்றைத் திறக்காமலே கறியைப் பிரித்தெடுக்கும் முறைதான் இங்கே பொருந்தும். 10-12 செ.மீ. அலகுள்ள கத்தி இரண்டு, தீட்டுகோல், ரப்பர் கையுறை, ஆறு பருத்தித் துணிப்பை, ஒரு தார்ப்பாய்.

மானைச் சரிவுக்குக் குறுக்காகப் படுக்கவைத்து, கால் நழுவாதபடி மரத்தில் கட்டுங்கள். முதுகெலும்பு நெடுகக் கழுத்திலிருந்து வால்வரை தோலை மட்டும் கீறுங்கள். கத்தியின் கூர் உள்ளிருந்து வெளியே பார்த்திருக்க வேண்டும். வெளியிலிருந்து அறுத்தால் வெட்டுப்பட்ட மயிர் கறியெல்லாம் ஒட்டும், மண்ணால் கத்தியும் மழுங்கும். தோலை வயிற்றுப்பக்கமாக உரித்து, அதையே விரிப்பாக்குங்கள்.

முன் சப்பை எளிது: எலும்பு மூட்டே கிடையாது, தசை மட்டுமே உடம்போடு பிணைக்கிறது. காலைத் தூக்கிப் பிடித்து அடியில் அறுத்துக்கொண்டே போனால் கழன்றுவரும். அடுத்து முதுகுக்கறி. முதுகெலும்பின் முட்களை ஒட்டி மேலிருந்து ஒரு கீறல், விலாக்களின் மேல் படிந்த பக்கமாக இன்னொரு கீறல், இரண்டும் சேருமிடத்தில் நீள வாக்கில் உரிந்துவரும். பின்தொடையை இடுப்பெலும்பை ஒட்டி அறுத்து, பந்துக்கிண்ண மூட்டைத் திறந்து உள்ளே இருக்கும் வெள்ளை நரம்பை வெட்டினால் தொடை முழுதாகக் கைக்கு வரும். கழுத்துக்கறியை எலும்போடு வழித்தெடுங்கள். உள் முதுகுக்கறிக்கு, கடைசி விலாவுக்குப் பின்னால் முதுகெலும்பின் கீழே கைவிட்டு, குடல்பையை விரலால் கீழே தள்ளிக்கொண்டு பிரிக்க வேண்டும். இதை முடிவில் செய்யுங்கள், அதற்குள் வயிறு ஊதத் தொடங்கியிருக்கும் என்பதால் கத்தி நுனி மேல்நோக்கியே இருக்கட்டும். பின் புரட்டிப் போட்டு மறுபக்கம். மயிரைத் தொட்ட கையால் கறியைத் தொடாமலிருக்க, ஒரு கை தோலுக்கு, ஒரு கை கறிக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

எலும்பு நீக்கிய கறி உயிரெடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பெண் கடமானில் 45-50 கிலோ. 20-25 கிலோ சுமையாக இரண்டு நடை. சூடான கறியைப் பிளாஸ்டிக் பையில் அடைப்பதைப்போலக் கறியைக் கெடுப்பது வேறில்லை. சில மணி நேரத்தில் தொடை எலும்பை ஒட்டிப் புளித்துப்போகும். துணிப்பையில் போட்டு, நிழலில், காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். துணிப்பை ஈயையும் தடுக்கும். வண்டிக்கு வந்ததும் ஐஸ்பெட்டி, அடிக்குழாய் திறந்தபடி. கறி உருகிய நீரில் மிதக்கக்கூடாது.

பார்த்துத் தள்ள வேண்டியவை

ஈரல் எடுக்க நினைத்தால் வயிற்றைத் திறந்து குறுக்கே நறுக்கிப் பாருங்கள். பித்தநாளம் தடித்து, தட்டையான இலைபோன்ற புழு நெளிந்தால் ஈரல் முழுதும் குப்பை, தசைக்கறிக்குப் பாதகமில்லை. ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி இருந்தால் ஹைடாடிட் நாடாப்புழுவாக இருக்கலாம். அந்த உள்ளுறுப்பை நாய்க்குப் பச்சையாகப் போடவே கூடாது. நாயின் குடலில் புழுவாகி, அதன் முட்டை வழியாக வீட்டு மனிதருக்கு வரும். வீங்கிச் சீழ்கட்டிய நிணநீர்க் கணுக்கள், எலும்பும் தோலுமான உடல், நோயுற்ற நடை தெரிந்தால் விலங்கையே விட்டுவிடுங்கள். அடிக்கடி அறுப்பவர் க்யூ காய்ச்சல் (விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்) தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் பேசுவது நல்லது; கையுறையும் அதற்காகத்தான். குண்டு போன வழியைச் சுற்றி இரத்தம் கட்டிய பகுதியை வெட்டி எறியுங்கள், ஈயக் குண்டென்றால் சுற்றிலும் குறைந்தது 15 செ.மீ.

வீட்டில்

சாகும்போது தளர்ந்திருக்கும் தசை சில மணி நேரத்தில் விறைத்து, ஓரிரு நாளில் மறுபடி தளரும். விறைப்பு முடியும் முன் ஃப்ரீசரில் வைத்தால், எவ்வளவு வேகவைத்தாலும் ரப்பர்தான். 0 முதல் 4 டிகிரிக் குளிரில், தட்டின் மேல் கம்பிவலை வைத்து, மூடாமல் நான்கு நாள். வயதான ஆணின் தொடை என்றால் ஏழு முதல் பத்து நாள். மேற்பரப்பு காய்ந்து கறுத்தால் சீவிவிடலாம். வழவழப்பும் புளிநாற்றமும் வந்தால் அது கெட்டது.

மானின் வெள்ளைக் கொழுப்பை முழுக்க எடுத்துவிடுங்கள். அது வாயில் மெழுகாக ஒட்டும், ஃப்ரீசரிலும் காறிப்போகும். ‘காட்டுக்கறி வாடை’ என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இதுவும் மயிரும்தான். தசைமேல் இருக்கும் வெள்ளிச்சவ்வை, முதுகுக்கறியில் மட்டும், கத்தியைச் சாய்த்து வழித்தெடுங்கள். முழங்கால் கறியின் சவ்வு இருக்கட்டும். அதுதான் குழம்பைக் கெட்டியாக்குவது.

கொழுப்பில்லாத இந்தக் கறிக்கு இரண்டே சமையல்: மிகக் குறைந்த நேரம், அல்லது மிக நீண்ட நேரம். நடுவில் விட்டால் மரக்கட்டை. முதுகுக்கறியை 3 செ.மீ. வட்டமாக வெட்டி, உப்பும் இடித்த மிளகும் தடவி, புகை வரும் இரும்புக் கல்லில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம். நடுவில் 54 டிகிரி ஆனதும் இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிட்டால் உள்ளே சிவந்து மென்மையாக இருக்கும். கருவுற்றவர்களுக்கும் நோயெதிர்ப்புக் குறைந்தவர்களுக்கும் இப்படித் தரக்கூடாது. அவர்களுக்கு முழுக்க வெந்ததே. கொத்துக்கறியும் சாசேஜும் எல்லோருக்கும் உள்ளே 75 டிகிரி வரை வேக வேண்டும். அரைக்கும்போது 20 சதவீதம் ஆட்டுக்கொழுப்போ பன்றிக்கொழுப்போ சேர்க்காவிட்டால் உதிர்ந்து போகும்.

கழுத்தும் முழங்காலும் குழம்புக்கு. எலும்போடு ஒரு கிலோ எடுத்து, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மஞ்சள், இரண்டு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது பிசறி ஒரு மணி நேரம் வையுங்கள். மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, ரம்பை (பாண்டன் இலை), இரண்டு பெரிய வெங்காயம் சிவக்க வதக்கி, கறியைப் போட்டு நீர் வற்றும்வரை கிளறி, மூன்று மேசைக்கரண்டி யாழ்ப்பாண வறுத்த தூள். எண்ணெய் இங்கே சற்றுத் தாராளமாக வேண்டும், கறி தானாக விடாது. இரண்டு கோப்பை நீர் ஊற்றிக் குக்கரில் முதல் விசிலுக்குப் பின் சிறுதீயில் 35 நிமிடம், முதிய ஆண் என்றால் 50. திறந்து, எலும்பிலிருந்து கறி கழலவில்லை என்றால் இன்னும் பத்து நிமிடம். கடைசியில் அரைக் கோப்பைக் கெட்டித் தேங்காய்ப்பால், ஒரு கொதி, இறக்கிய பின் அரை எலுமிச்சம்பழச் சாறு.

வத்தல் போட விரும்புகிறவர்கள் மெல்பர்ன் வெயிலை நம்ப வேண்டாம். 5 மி.மீ. தடிமனில் நாரோட்டமாக வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் மஞ்சளும் பூசி, முதலில் ஓவனில் கறியின் உட்சூடு 71 டிகிரி வரும்வரை வைத்து, பிறகு உலர்த்தும் பெட்டியில் 60 டிகிரிக்குக் குறையாமல் காயவையுங்கள். வளைத்தால் விரிசல்விட்டு, ஆனால் முறியாமல் இருக்கும்போது எடுக்க வேண்டும். மீதியை ஒரு வேளைச் சமையலுக்கான அளவில் காற்று நீக்கிய பையில் அடைத்து, எந்தப் பகுதி, ஆணா பெண்ணா, எந்தத் தேதி என்று எழுதி மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் ஒரு வருடம் நன்றாக இருக்கும். கொத்துக்கறியை மட்டும் நான்கு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.